குதிரைக்காரர்களின் பச்சைக் கோட்டு

கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக் குதிரை விடுகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரே மாதிரி கரும்பச்சைக் கோட்டில் நிற்கிறார்கள். பார்த்திருப்பீர்கள். இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் ஒரு வார், அதில் பளபளவென்று ஒரு பக்கிள். சுற்றுலா வருகிறவர்கள் குதிரையை விட்டுவிட்டுக் கோட்டைத்தான் முதலில் போட்டோ எடுக்கிறார்கள். ஏதோ பெரிய கம்பெனி வடிவமைத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கம்பெனியாவது ஒன்றாவது! பூம்பாறை போகிற சாலையில் உள்ள ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில், ‘மிச்ச குரூப்’ என்று ஊரே கேலி பேசிய வகுப்பின் பெண்பிள்ளைகள் தைத்தது அது. அவர்களுக்கு ஆசிரியை ஜோதிமணி.

மிச்ச குரூப் என்ற பெயர் சும்மா வரவில்லை. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பெற்றோர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் குருநாதனின் அறைக்கு வருவார்கள். நல்ல மதிப்பெண் என்றால் உயிரியல். அடுத்தபடி கணினி அறிவியல். அதற்கும் எட்டாவிட்டால் வணிகவியலும் கணக்குப்பதிவியலும். அங்கேயும் இடமில்லை என்றால் குருநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தையல் குரூப்ல சேத்துவிடட்டுமா?" என்பார். துக்கம் விசாரிக்கிற குரலில்தான் கேட்பார். அந்தப் பிரிவுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘நெசவியலும் ஆடை வடிவமைப்பும்’. அந்தப் பெயரை முழுதாக உச்சரிக்கிற ஆள் பள்ளிக்கூடத்திலேயே ஜோதிமணி ஒருத்திதான்.

அவள் பழனிக்காரி. அடிவாரத்தில் பாதயாத்திரை வருகிறவர்களுக்குப் பச்சை வேட்டியும் துண்டும் தோள்பையும் விற்கிற குடும்பம். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவள். வேலை கிடைத்து மேலே வந்த முதல் நாள், மலைப்பாதை வளைவுகளில் வயிற்றில் இருந்ததையெல்லாம் பஸ் சன்னல் வழியாக மலைக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது, நிற்கத் தெம்பில்லை. "இந்தம்மா தை மாசம் தாண்டாது" என்று சத்துணவுக் கூடத்தில் பந்தயமே கட்டினார்கள். ஒன்பது தை தாண்டிவிட்டது. பந்தயம் கட்டியவர்களில் பாதிப் பேர் மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார்கள்.

இந்தக் குளிரில் தையல் சொல்லித்தருவது லேசுப்பட்ட காரியமில்லை. காலையில் மெஷினுக்குள் எண்ணெய் கெட்டிப்பட்டுப்போய்ச் சக்கரம் சுற்றாது. யாராவது ஒரு பெண் எண்ணெய்க் குப்பியை அக்குளில் வைத்து உட்கார்ந்திருப்பாள். அது இளகிய பிறகுதான் வகுப்பு தொடங்கும். துணியில் கோடு போடுகிற விரல்கள் விறைத்துப்போகும். இதையெல்லாம் மீறி ஜோதிமணியிடம் படித்தவர்களில் ஒருத்தி மன்னவனூரில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறாள். இன்னொருத்தி திருப்பூரில் ஒரு பெரிய ஆலையில் மாதிரித் துணி வெட்டுகிற வேலையில் இருக்கிறாள். மிச்சம் என்று தள்ளப்பட்டவர்கள் அவர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் ஜோதிமணிக்குப் பெருமையும் வரும், கூடவே கோபமும் வரும்.

போன மார்கழியில் குருநாதன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"உக்காருங்க டீச்சர். உங்களுக்கு ஒரு நல்ல சேதி. வர்ற வருசம் பதினொண்ணாம் வகுப்புல பத்துப் பிள்ளைகளாவது சேரலேன்னா தையல் குரூப்பை மூடிரச் சொல்லிட்டாங்க. மெஷினெல்லாம் கீழ ஒரு ஸ்கூலுக்குப் போயிரும். நீங்களும் பழனிக்கே போயிரலாம். வீட்டுச் சாப்பாடு, குளிரு கெடையாது. இன்னும் என்ன வேணும்?"

"பத்துப் பேர் சேந்துட்டா சார்?"

"எங்க டீச்சர்? இந்த வருசமே ஏழு பேருதான். அந்த ஏழும் நான் கையக் காலப் புடிச்சுச் சேத்தது."

ஆசிரியர்கள் எல்லாரும் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். அம்மா சுந்தராம்பாளுக்கு எப்படியோ தெரிந்து, போனிலேயே அழுதுவிட்டாள். மேல் அறையைச் சுத்தம் பண்ணி வைக்கிறேன் என்றாள். ஜோதிமணிக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று மறுநாள் காலையில் வகுப்பில் தெரிந்தது.

அந்த ஏழு பேரில் துர்கா என்று ஒருத்தி. பள்ளங்கியிலிருந்து வருகிறவள், வாய்த்துடுக்கு. சேதி அவள் காதுக்கும் போயிருந்தது.

"மிஸ், என் தங்கச்சி பூங்கொடி பத்தாவது படிக்கிறா. நாலாவது படிக்கையிலேர்ந்து பேப்பர்ல சட்டையும் பாவாடையுமா வரைஞ்சுக்கிட்டுக் கெடக்கா. இந்த குரூப்புல சேரணும்னுதான் பள்ளிக்கூடத்துக்கே வாரா. மூடிட்டீங்கன்னா அவ என்ன செய்வா?"

"கீழ ஹாஸ்டல்ல சேந்து..."

"எங்கப்பாவா? கீழ அனுப்புவாரா? நல்லாச் சொன்னீங்க. கேரட் கழுவுற வேலைக்கு அனுப்பிருவாரு."

ஜோதிமணி கையிலிருந்த சாக்கட்டியை மேசையில் வைத்தாள். இந்த வகுப்பை மூட விடமாட்டேன் என்று அப்போதே அங்கேயே முடிவு பண்ணிவிட்டாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி காட்டியது கணக்குப்பதிவியல் ஆசிரியர் பழனிக்குமார். அவர் வகுப்புக்கும் ஊரில் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. மிச்ச குரூப்புக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் சங்கத்தில் அவருக்குப் பழக்கம் உண்டு. சீசனுக்குச் சங்கத்தார் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு வேண்டும், சித்திரை பிறக்கும்போது கையில் இருக்க வேண்டும் என்றார்கள். இதற்கு முன்னால் கீழேயிருந்து ரெடிமேட் வாங்கிப் போட்டு, ஒரு சீசன் தாங்காமல் கிழிந்துபோனதாம்.

"உங்க பிள்ளைக தைக்கட்டும். எங்க பிள்ளைக விலை போட்டு வியாபாரம் பேசட்டும். கம்ப்யூட்டர் பிள்ளைக லேபிள் வரையட்டும். ஊரு பாக்குற எடத்துல நம்ம சோலி நிக்கும் டீச்சர். அதைப் பாத்துப் பத்துப் பேரு வராமயா போயிருவாங்க?" என்றார் பழனிக்குமார்.

தை மாதம் ஒரு நாள் சங்கத்தார் அளவு கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். குதிரைக்கு வேலை தொடங்குமுன் திரும்ப வேண்டும் என்பதால் வெள்ளனே வந்துவிட்டார்கள். மைதானத்துப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. சுவெட்டரும் மப்ளரும் குரங்குக் குல்லாவுமாக ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பெண்கள் இஞ்ச் டேப்பைச் சுற்றிச் சுற்றி அளந்தார்கள். ஜோதிமணி தன் இரண்டு சுவெட்டர்களின் கைகளையும் விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டு அளவுகளை எழுதிக்கொண்டாள். சங்கத் தலைவர் மொக்கைச்சாமி ஓரமாக நின்று தன் ஆட்களை விரட்டினார்.

"ஏலே, நெஞ்ச நிமித்தி நிக்காத. நாளைக்கு மூச்சு விட்டா கோட்டு கழண்டு விழுந்துரும். வெரசா நவுரு, குதிரை பசியோட கெடக்கு!"

அன்றிலிருந்து பங்குனி வரைக்கும் அந்த வகுப்பறையில் மெஷின் சத்தம் ஓயவில்லை. திருப்புதல், முழு ஆண்டுத் தேர்வு நாட்கள் போக மற்ற நேரமெல்லாம் தையல்தான். கணினிப் பிள்ளைகள் லேபிளில் ஒரு குதிரை வரைந்து கொடுத்தார்கள். அது ஆடு மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி ஆடாகவே வந்தது. மூன்றாம் தடவை துர்காவின் தங்கை பூங்கொடி ஓரமாக உட்கார்ந்து பென்சிலால் பிடரியையும் வாலையும் திருத்திக் குதிரையாக்கினாள். கோட்டுகளை இஸ்திரி போட்டு அடுக்கினபோது குருநாதனே வந்து எட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது பெரிய சங்கதி.

பங்குனி உத்திரத்துக்கு ஜோதிமணி ஊருக்குப் போனாள். வீட்டில் காட்டிப் பெருமையடிக்க ஒரு கோட்டையும் பையில் வைத்துக்கொண்டாள். அடிவாரத்தில் கூட்டம் நெரிகிறது. காவடியும் மேளமும் வெயிலும். கடையில் வியாபாரத்தில் இருந்த அண்ணன் ராஜமுருகன், தங்கைக்காகக் கோட்டை வாங்கிச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்றான். அவனும் மொக்கைச்சாமியும் ஒரே உடம்புதான். அதனால்தான் மொக்கைச்சாமியின் கோட்டையே கொண்டுவந்திருந்தாள். அது அவன் மேல் தொளதொளவென்று தொங்கியது.

"என்னடி, ரெண்டு பேருக்குச் சேத்துத் தச்சியா?" என்றாள் சுந்தராம்பாள்.

"இல்லம்மா, உள்ள இன்னொரு ஆளு வரட்டும்னு எடம் விட்டிருக்கா" என்றான் ராஜமுருகன்.

ஜோதிமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "அளவெல்லாம் சரியாத்தான்மா எடுத்தோம். நான்தான் எழுதினேன்."

"அது கெடக்கட்டும். நீ ஏன்டி இந்த வெயில்ல சுவெட்டரைப் போட்டுக்கிட்டு நிக்கிற? ஊரே பாக்குது. கழட்டு."

குனிந்து பார்த்தாள். ஆமாம், சுவெட்டர். பஸ்ஸை விட்டு இறங்கி, இத்தனை கூட்டத்தில் நடந்து வந்து, வியர்த்து வழிந்தும், உடம்பில் சுவெட்டர் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் தை மாதக் காலை அப்படியே கண்முன் வந்தது. வந்த குதிரைக்காரர்களில் ஒருவராவது சுவெட்டரைக் கழற்றினார்களா? இல்லை. கழற்றுங்கள் என்று பெண்கள் யாராவது சொன்னார்களா? மலைப் பிள்ளைகள், அவர்களுக்குச் சுவெட்டர் தோல் மாதிரி. பாடப் புத்தகத்தில் மெல்லிய உடைக்கு மேல் அளவு எடுக்க வேண்டும் என்று முதல் பாடத்திலேயே இருக்கிறது. அதை வருஷாவருஷம் நடத்தினவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். பழனியில் இருந்தபோது இந்தத் தப்பு அவளுக்கு வந்திருக்குமா? ஒன்பது வருஷத்தில் அவளும் மலைக்காரியாகிவிட்டாள். அதற்குச் சந்தோஷப்படுகிற நேரமா அது?

திரும்புகிற பஸ்ஸில் அழுகை அழுகையாக வந்தது. ஏழு பெண்களின் இத்தனை மாத உழைப்பு. ஊர் பார்க்க நிற்கும் என்று நினைத்த வேலை, ஊர் பார்த்துச் சிரிக்க நிற்கப்போகிறது. மிச்ச குரூப் வேறெப்படித் தைக்கும் என்பார்கள். சித்திரை மத்தியானத்தில் ஏரிக்கரையில் குதிரைக்காரர்கள் சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அப்போது கோட்டு சாக்கு மாதிரித் தொங்கும்.

பழனிக்குமாரிடம் மட்டும் முதலில் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பேசாம குடுத்துருவோம் டீச்சர். இப்ப லூசு சைஸ்தான் பேஷன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பொய் சொல்லி விக்கிறதுக்கு நாம ஏன் சார் பள்ளிக்கூடத்துல இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு நேரே ஏரிக்கரைக்குக் கிளம்பினாள். மொக்கைச்சாமியிடம் உண்மையைச் சொல்லி, இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்கலாம் என்று எண்ணம்.

மொக்கைச்சாமி ஒரு சிவப்புக் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். வயிற்றுவாரை இழுத்துப் பக்கிளில் மாட்டினார். நாலு எட்டு நடத்தினார். நிறுத்தி, மறுபடி அதே வாரை இழுத்து, இரண்டு துளை தள்ளி மாட்டினார்.

"இப்பத்தானே கட்டுனீங்க?"

"இவன் ஊரை ஏமாத்துற களவாணிப் பய டீச்சரம்மா. கட்டும்போது மூச்சப் புடிச்சு வயித்த ஊதிக்கிருவான். நாலு எட்டு நடந்தா மூச்ச விட்ருவான், வாரு லூசாயிரும். அதான் தெனமும் ரெண்டு தரம் கட்டுறது. என்ன சோலியா வந்தீக?"

அவள் அந்தப் பக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் ஊதின வயிறு, அப்புறம் இளைத்த வயிறு. காலையில் சுவெட்டரோடு ஒரு உடம்பு, மத்தியானம் சுவெட்டர் இல்லாமல் ஒரு உடம்பு. குதிரைக்கு ஒரே வாரில் இரண்டு துளை போதுமென்றால் குதிரைக்காரருக்குப் போதாதா?

"ஒண்ணுமில்லீங்க. சித்திரை ஒண்ணாந் தேதி எல்லாரும் வெள்ளனே வந்துருங்க. சுவெட்டரைப் போட்டுக்கிட்டே வாங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். மொக்கைச்சாமி குதிரையைப் பார்த்தார், குதிரை மொக்கைச்சாமியைப் பார்த்தது.

பிறகு அந்த வகுப்பறையில் நடந்ததை வேலை என்று சொல்வதா திருவிழா என்று சொல்வதா தெரியவில்லை. தேர்வு விடுமுறையிலும் ஏழு பேரும் வந்தார்கள். ஜோதிமணி அவர்களை நிற்கவைத்துத் தப்பைச் சொன்னாள். ஏழு பேரும் அடுக்கிவைத்த கோட்டுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு துர்கா, "மிஸ், சுவெட்டரைக் கழட்டி அளக்கணுமா? கழட்டுனா அவங்க செத்துருவாங்களே!" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ஜோதிமணியும்தான். சேணம் தைப்பவரிடம் கேட்டு வாரும் பக்கிளும் வாங்கிவந்தார்கள். பக்கத்துக்கு ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. முதல் கோட்டில் வாரைக் கீழே வைத்துவிட்டார்கள். இழுத்துக் கட்டினால் பாவாடை மாதிரி விரிந்தது. பிரித்து மேலே ஏற்றினார்கள். வாரின் தோலைக் குத்தி ஊசிகள் உடைந்தன, விரல்கள் புண்ணாயின. பள்ளங்கியிலிருந்து துர்காவின் அப்பாவே ஒரு நாள் வந்து வாசலில் நின்று, மகள் மெஷினில் குனிந்திருப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒரு மூட்டை கேரட்டை வைத்துவிட்டுப் போனார்.

சித்திரை முதல் நாள் குதிரைக்காரர்கள் வந்தார்கள். கோட்டைக் கொடுக்கும் முன்னால் ஜோதிமணி பேசினாள்.

"ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. சுவெட்டரோட உங்களை அளந்துட்டோம். கோட்டு பெருசாயிருச்சு. அதுக்குத்தான் உங்க குதிரைக்கு இருக்கிற மாதிரி வாரு வச்சிருக்கோம். சுவெட்டர் இருந்தா வெளித் துளை, கழட்டிட்டா உள் துளை. புடிக்கலேன்னா சொல்லுங்க, பிரிச்சுத் தச்சுத் தாரோம்."

மொக்கைச்சாமி கோட்டை மாட்டினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். குனிந்தார். கற்பனைக் குதிரை மேல் ஒருவரைத் தூக்கி உட்காரவைக்கிற மாதிரி செய்தார். பிறகு கோட்டைக் கழற்றி, சுவெட்டரையும் கழற்றி, சட்டைக்கு மேல் கோட்டை மாட்டி, வாரை உள் துளைக்கு இழுத்தார். சிக்கென்று பிடித்தது.

"தப்பா?" என்றார். "யாரு சொன்னா தப்புன்னு? இத்தன வருசமா ரெடிமேட் கோட்டப் போட்டுக் கையத் தூக்குனா அக்குள் கிழியும். சுவெட்டருக்கு மேல மாட்டவே முடியாது. குளிருல நடுங்கிக்கிட்டே ‘வாங்க சார், வாங்க மேடம்’னு கூப்புடுவோம். இந்த மலையில மனுசன அளக்கணும்னா சுவெட்டரோடத்தான் அளக்கணும். ஏலே, எல்லாரும் போட்டுப் பாருங்கடா!"

அந்த அறையில் கோட்டும் கூச்சலுமாக ஒரே அமளி. ஒருவர் பக்கிளை இழுத்து மாட்டியதும் இன்னொருவர், "நாலு எட்டு நட, மூச்ச விடு" என்று கேலி செய்தார். ஜன்னலோரம் நின்றிருந்த ஜோதிமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் மறைக்கவில்லை.

சீசன் முழுக்க அந்தக் கோட்டு ஏரியைச் சுற்றி நடந்தது. குதிரையில் ஏறியவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். மொக்கைச்சாமி ஒவ்வொருவரிடமும் பள்ளிக்கூடத்தின் பெயரையும், ‘நெசவியலும் ஆடை வடிவமைப்பும்’ என்ற முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொன்னார். சொல்லிப் பழகியிருக்கிறார் மனிதர். படகு விடுகிறவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். ஒரு விடுதியிலிருந்து காவலாளிகளுக்குக் கேட்டார்கள். பழனிக்குமாரின் வகுப்புப் பிள்ளைகள் பெரிய வியாபாரிகள் மாதிரி, "வர்ற மாசம்தான் முடியும்ங்க" என்று பிகு பண்ணினார்கள்.

பதினோராம் வகுப்புச் சேர்க்கை நாள் வந்தது. ஜோதிமணி காலையிலிருந்து குருநாதனின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல் ஆளாக உள்ளே போனவள் பூங்கொடி, துணைக்கு அப்பா. மதிப்பெண் பட்டியலைப் பார்த்த குருநாதன், "நல்ல மார்க்கா இருக்கேம்மா, உயிரியலே தாரேனே?" என்றார்.

"வேணாம் சார். நெசவியலும் ஆடை வடிவமைப்பும்" என்றாள் பூங்கொடி.

அவள் அப்பா தலையை ஆட்டினார். "அதையே குடுத்துருங்கய்யா. வீட்டுல ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்."

அதற்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்து ஜோதிமணி பத்து வரை விரல் விட்டு எண்ணினாள், பத்துக்குப் பிறகு விரலை மடக்கிக்கொண்டாள். மன்னவனூரிலிருந்து வந்தார்கள். பூம்பாறையிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். அந்த வகுப்பில் பையன்கள் சேர்வது அதுதான் முதல் தடவை. மத்தியானத்துக்கு மேல் ஒரு பெற்றோரிடம் குருநாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அதே துக்கக் குரலில் பேசுவது வெளியே கேட்டது.

"மன்னிச்சுக்கங்க, ஆடை வடிவமைப்புல இடம் தீந்துபோச்சு. உயிரியல்ல வேணா சேத்துவிடட்டுமா?"

அதைக் கேட்டுத் தாழ்வாரத்தில் துர்கா போட்ட கூச்சலுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். ஜோதிமணி அம்மாவுக்குப் போன் போட்டு, மேல் அறையை வாடகைக்கு விட்டுவிடச் சொன்னாள். சுந்தராம்பாள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு, "ஒங்கண்ணனுக்கும் அப்படி ஒரு கோட்டு வேணுமாம். வாரை இழுத்துக் கட்டிக்கிறானாம்" என்றாள்.

சாயங்காலம் வகுப்பறையைப் பூட்டப் போனபோது வாசலில் குருநாதன் நின்றிருந்தார்.

"எனக்கும் ஒண்ணு தைக்கணும் டீச்சர். காலையில பிரேயர்ல நிக்க முடியல, அவ்வளவு குளிரு."

"உள்ள வாங்க சார்."

ஜோதிமணி கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்தாள். குருநாதன் மேசையருகே போய் நின்று, சுவெட்டர் பொத்தானில் கையை வைத்தார்.

"கழட்டாதீங்க சார்" என்றாள் ஜோதிமணி. "அப்படியே நில்லுங்க."